எல்லாவற்றையும் ஒரே கொத்தால் அளக்கலாமா?

நமது அயலில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர் வாழ்கின்றார். முப்பதாண்டு காலம் பாடசாலையிற் கணக்குக் கற்பித்தவர். ஊரார் இன்றும் அவரை ‘மாஸ்டர்’ என்றே அழைப்பர். அவருக்கு மக்கள் இருவர். மூத்தவன் அவுஸ்திரேலியாவில் வைத்திய ஆராய்ச்சி செய்கின்றான். இளையவள் நம் நாட்டுப் பல்கலைக்கழகமொன்றிற் கணித விரிவுரையாளராக இருக்கின்றாள். இருவரும் படிப்பிற் கெட்டிக்காரர். எனினும், கணக்கென்று வந்துவிட்டால் தங்கையே ஒரு படி மேல் என்பது மாஸ்டரின் நெடுநாளைய எண்ணம்.

சென்ற ஞாயிறு மாலை அவரில்லத்துக்குச் சென்றிருந்தோம். வழக்கமான கலகலப்பு அங்கு காணப்படவில்லை. விடுமுறைக்கு வந்திருந்த மகள் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு, பேசாமல் ஓரத்தில் அமர்ந்துகொண்டாள். மாஸ்டரின் கையில் ஒரு காகிதத் துண்டு. அதில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருந்தன: 31, 6.

“பாருங்கள், இந்தக் கணனியிலே ஆராய்ச்சியாளர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் போட்டிருக்கிறார்கள். மகனுக்கு 31, இவளுக்கு 6. அவன் விட்ட கணக்கையெல்லாம் செய்து கொடுத்தவள் இவள். எங்கே பிழைத்தது என்றுதான் விளங்கவில்லை” என்றார் மாஸ்டர்.

மகள் நம்மை நோக்கினாள். “மாமா, பகுதி வேறாயிருக்கும் பின்னங்களை நேரே கூட்டக்கூடாது, ஒப்பிடவும் கூடாது என்று அப்பா எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்! என் காரியத்தில் மட்டும் மறந்துவிட்டார்” என்றாள். சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டாள்.

காரியம் குடும்பத்துக்குள் முடிவதாகவும் இல்லை. அவள் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்திருக்கின்றாள். விண்ணப்பத்திலே இந்த எண்ணைக் குறிப்பதற்கென்றே ஓர் இடம் உண்டாம். அதனைப் பார்க்கப்போகும் குழுவிலே கணிதம் அறிந்தவர் ஒருவரோ இருவரோதான் இருப்பர். ஆகவே, இவ்வெண் யாது, எங்கிருந்து வந்தது, எதனைச் சொல்லும், எதனைச் சொல்லாது என்பவற்றை ஆராய்ந்து எழுதுவதாக மாஸ்டருக்கு வாக்களித்து வந்தோம். பிள்ளைகளை ஆராய்ச்சித் துறைக்கு அனுப்பியிருக்கும் ஏனைய பெற்றோருக்கும் இது பயன்படக்கூடும்.

வழக்கறிஞரிடம் கற்ற வித்தை

ஓர் ஆராய்ச்சிக் கட்டுரையை எழுதுபவர், தமக்கு முன்னே அவ்விடயத்தில் உழைத்தோரின் கட்டுரைகளைச் சுட்டிக்காட்டுவது வழக்கம். இதனையே மேற்கோள் என்கின்றோம். ஒரு கட்டுரையைப் பின்வந்தோர் எத்தனைபேர் சுட்டினர் என்று எண்ணினால், அது எவ்வளவுக்குப் பயன்பட்டது என்பதை ஓரளவு அறியலாம் அன்றோ? இதுவே அடிப்படை எண்ணம்.

இவ்வெண்ணம் விஞ்ஞானிகளுக்கு முன்னரே சட்டத்தரணிகளிடம் இருந்தது. அமெரிக்காவிலே பிராங் ஷெப்பேட் என்பவர், பழைய நீதிமன்றத் தீர்ப்பொன்றைப் பின்னர் எந்த எந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன என்று காட்டும் அட்டவணையை 1873இல் வெளியிடத் தொடங்கினார். பழைய தீர்ப்பொன்றை நம்பி வழக்காடும் சட்டத்தரணிக்கு, அது இன்னும் செல்லுபடியாகின்றதா என்று அறிவது அவசியம். ஆதலால், பின்வந்த நீதிமன்றம் அத்தீர்ப்பைப் பின்பற்றியதா, வேறுபடுத்தியதா, தள்ளிவிட்டதா என்பதையும் அவ்வட்டவணை குறியிட்டுக் காட்டிற்று. இவ்வொரு செய்தியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். பின்னர் இது தேவைப்படும்.

இம்முறையைக் கண்டு, விஞ்ஞானத்துக்கும் இத்தகைய அட்டவணை வேண்டும் என்று 1955இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் எழுதியவர் யூஜின் காபீல்ட். அவர் பிலடெல்பியா நகரிலே 1960இல் விஞ்ஞானத் தகவல் நிலையமொன்றை நிறுவினார். 1964இல் ‘விஞ்ஞான மேற்கோட் சுட்டி’ வெளிவந்தது. 1961ஆம் ஆண்டுக்குரிய 613 சஞ்சிகைகள் அதில் அடங்கின. ஓர் ஆராய்ச்சியாளர் தமக்கு வேண்டிய கட்டுரைகளைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே காபீல்ட் இதனை வகுத்தார். மனிதரை நிறுக்கும் தராசாக அது உருவெடுத்தது பின்னர் நிகழ்ந்த கதை.

மாஸ்டரின் காகிதத்தில் இருந்த எண் இன்னும் இளையது. கலிபோர்னியாவைச் சேர்ந்த பௌதிக அறிஞர் ஜோர்ஜ் ஹிர்ஷ் 2005இல் அதனை முன்மொழிந்தார். ‘எச் சுட்டெண்’ என்று பெயர். கணக்கு எளிது. ஒருவருடைய கட்டுரைகளை, மேற்கோள் அதிகம் பெற்றதிலிருந்து குறைந்ததுவரை வரிசைப்படுத்துக. ஆறு கட்டுரைகள் ஒவ்வொன்றும் ஆறு முறையாயினும் சுட்டப்பட்டிருந்து, ஏழு கட்டுரைகள் ஏழு முறை சுட்டப்படவில்லையாயின், அவரது எண் 6. ஒரேயொரு கட்டுரையால் புகழ் வந்தவரையும், ஒருவரும் படியாத கட்டுரைகளை மலைபோற் குவித்தவரையும் இவ்வெண் ஒருங்கே தடுத்து நிறுத்தும் என்பது அதன் சிறப்பாகக் கருதப்பட்டது. கணிப்பதும் சுலபம்; காட்டுவதும் சுலபம். ஆதலால் உலகெங்கும் விரைந்து பரவிற்று.

வாழையும் பனையும்

ஆனால், அந்த முதற் கட்டுரையிலேயே ஹிர்ஷ் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக்காட்டியிருந்தார். அவர் அன்று கணித்தபடி, பௌதிகவியலாளருள் எல்லோருக்கும் மேலே நின்ற எட்வேட் விற்றனின் எண் 110. உயிரியல் துறையில் மேலே நின்ற சொலமன் ஸ்னைடரின் எண் 191. ஸ்னைடர் விற்றனைவிட ஏறக்குறைய இரு மடங்கு அறிவாளி என்பது இதன் பொருளா? விற்றனோ, பௌதிகவியலாளராயிருந்தும் கணிதத்துக்குரிய பீல்ட்ஸ் பதக்கத்தை 1990இல் பெற்றவர். வேறுபாடு மனிதரில் இல்லை; துறைகளின் வழக்கத்தில் இருக்கின்றது என்பதை ஹிர்ஷ் அப்பொழுதே ஒப்புக்கொண்டார்.

அவ்வழக்கங்கள் யாவை? முதலாவது, கட்டுரையின் முடிவிலே சுட்டப்படும் நூல்களின் தொகை. வைத்தியம், உயிரியல் ஆகிய துறைகளிலே ஒரு கட்டுரை நாற்பது ஐம்பது கட்டுரைகளைச் சுட்டுவது சாதாரணம். கணிதத்திலே இருபதைச் சுட்டினாற் போதும். கொடுப்பவர் குறைவாகக் கொடுக்கும் ஊரில், வாங்குபவர் கையிலும் குறைவாகத்தானே இருக்கும்?

இரண்டாவது, ஆட்களின் தொகை. புற்றுநோயைப்பற்றி ஆராய்வோர் உலகெங்கும் எண்ணிறந்தோர். எண் கோட்பாட்டின் ஒரு மூலையிலே உழைப்போர் ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்துள் அடங்கிவிடுவர். அந்த மூலையிலே எழுந்த கட்டுரையை உலகிலுள்ள தகுதியுடையோர் அனைவரும் படித்துச் சுட்டினாலும் எண் பெரிதாகாது.

மூன்றாவது, கூட்டு உழைப்பு. 2015இல் ஹிக்ஸ் துகளின் திணிவைப்பற்றி ஒரு பௌதிகக் கட்டுரை வெளிவந்தது. அதற்கு ஆசிரியர் 5,154 பேர். 33 பக்கங்களில் 24 பக்கங்கள் ஆசிரியரின் பெயர்களுக்கும் நிறுவனங்களின் பெயர்களுக்குமே சென்றுவிட்டன. அக்கட்டுரை பெறும் மேற்கோள் அத்தனை பேரின் கணக்கிலும் சேரும். கணிதத்திலோ ஒருவரோ, இருவரோ, மூவரோ சேர்ந்தெழுதுவதே பெரும்பாலும் வழக்கம்.

நான்காவது, காலம். வாழை ஓராண்டு சென்றாற் குலை தள்ளும். பனை பலன் கொடுக்கப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். பனைக்கு ஈராண்டுக் கெடு வைத்து, காய்க்கவில்லை என்று வெட்டுபவனை நாம் என்னென்போம்? ஆயினும், சஞ்சிகைகளை அளக்கப் பயன்படும் ‘தாக்கக் காரணி’ அதைத்தான் செய்கின்றது. முந்திய ஈராண்டுகளில் வெளிவந்த கட்டுரைகளை இவ்வாண்டு எத்தனை முறை சுட்டினர் என்பதையே அது கணக்கிடும். கணிதக் கட்டுரையைச் சரிபார்த்து ஏற்பதற்கே ஈராண்டு சென்றுவிடுவதுண்டு. புற்றுநோய் பற்றிய சஞ்சிகையொன்றின் தாக்கக் காரணி அண்மைய ஆண்டுகளில் 200ஐயும் தாண்டிவிட்டது. கணித உலகின் முடிமணியெனக் கருதப்படும் ‘அனல்ஸ் ஒவ் மதமற்றிக்ஸ்’ சஞ்சிகைக்கோ அது பத்தையும் எட்டுவதில்லை. அந்தச் சஞ்சிகையிலேதான், ஏழாண்டு காலம் அறைக்குள் தனித்திருந்து உழைத்த அன்ட்ரூ வைல்ஸ், பேர்மாவின் இறுதித் தேற்றத்தின் நிறுவலை 1995இல் வெளியிட்டார்.

ஐந்தாவது, எழுதும் மொழியும் வடிவமும். சரித்திரம், இலக்கியம், சமயம் ஆகிய துறைகளிலே ஆராய்ச்சியின் கனி பெரும்பாலும் நூலாகவே வெளிவரும். அதுவும் அந்த அந்த மக்களின் மொழியிலே வெளிவரும். காரைதீவிற் பிறந்து, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய சுவாமி விபுலானந்தர், இசையையும் கணிதத்தையும் இணைத்துப் பல்லாண்டு ஆராய்ந்து யாத்த யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. ஆங்கிலச் சஞ்சிகைக் கட்டுரைகளை எண்ணுவதற்கென்று பிறந்த அட்டவணை, இத்தகைய நூலை எப்பக்கத்தில் வைத்து எண்ணும்?

எண் சொல்லாதவை

துறை ஒன்றாயிருந்தாலும், மேற்கோளின் தொகை எதனை அளக்கின்றது என்று கேட்கவேண்டும். ஒலிவர் லோறி என்பவரும் அவருடைய துணைவரும் புரதத்தின் அளவைக் காணும் ஒரு முறையை 1951இல் எழுதினர். 2014இல் கணக்கெடுத்தபொழுது அக்கட்டுரை 3,00,000க்கு மேற்பட்ட மேற்கோள்களைப் பெற்று முதலிடத்தில் நின்றது. மரபணுவின் முறுக்கேணி வடிவத்தை உலகுக்கு அறிவித்த வற்சன், கிறிக் ஆகியோரின் 1953ஆம் ஆண்டுக் கட்டுரைக்கு அதே கணக்கில் ஏறத்தாழ 5,000 மேற்கோள்களே இருந்தன. லோறியின் கட்டுரை அறுபது மடங்கு பெரிதென்று எவரும் சொல்லார். அது ஒரு மேலான கட்டுரையன்று என்று லோறியே பிற்காலத்தில் எழுதினார். சமையற்கட்டிலே தினமும் எடுக்கும் அகப்பையும், நல்ல நாளில் அணியும் அட்டியலும் எத்தனை முறை கைக்கு வந்தன என்ற கணக்கால் மதிப்புப் பெறுவனவல்ல.

இப்பொழுது ஷெப்பேட்டின் அட்டவணையை நினைவுகூர்வோம். பின்வந்தவர் ஏற்றாரா, தள்ளினாரா என்று அது குறியிட்டது. விஞ்ஞானத்துக்கு வந்தபொழுது எண்ணிக்கை வந்ததேயன்றி அக்குறி அதனோடு வரவில்லை. தடுப்பூசிக்கும் பிள்ளைகளின் ஓட்டிசம் நிலைக்கும் தொடர்புண்டென்ற ஐயத்தைக் கிளப்பிய அன்ட்ரூ வேக்பீல்ட் என்பவரின் 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட ‘லான்செற்’ சஞ்சிகையே 2010இல் மீளப்பெற்றது. அதனை ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சுட்டியுள்ளனர். பெரும்பாலோர் மறுப்பதற்காகவே சுட்டினர். எனினும், எண்ணிக்கையிலே திட்டும் ஒன்று, வாழ்த்தும் ஒன்று.

மறுபுறம், எண்ணாற் பிடிபடாத பெரியோரும் உளர். பீற்றர் ஹிக்ஸ் 1964இல் எழுதியவற்றுக்காக 2013இல் நோபல் பரிசு பெற்றார். 1964க்குப் பின் அவர் எழுதிய கட்டுரைகள் பத்துக்கும் குறைவு. இக்காலத்தில் தமக்குப் பல்கலைக்கழகத்தில் ஓர் உத்தியோகமும் கிடைத்திராது என்று அவரே கூறினார். ருஷ்யக் கணித மேதை பெரல்மான், நூறாண்டு காலம் தீராதிருந்த புவன்கரே புதிரின் தீர்வை 2002, 2003 ஆண்டுகளில் மூன்று கட்டுரைகளாகக் கணனி வலையில் இட்டார். எந்தச் சஞ்சிகைக்கும் அனுப்பவில்லை. தாக்கக் காரணியை மட்டும் கேட்கும் விண்ணப்பப் படிவத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்?

பகுதியைச் சமன் செய்தல்

அப்படியாயின் எண்ணுவதையே விட்டுவிடலாமா? அவ்வாறு சொல்வதும் நியாயமன்று. எண்ணே இல்லாத இடத்தில் ‘அவர் நம்மவர், இவர் பிறர்’ என்ற கணக்குப் புகுந்துவிடும். செல்வாக்கில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சில வேளைகளில் எண்ணே துணையாக நிற்கின்றது. வேண்டியது எண்ணைத் துறத்தலன்று, எண்ணைச் செப்பஞ்செய்தல்.

அதற்கொரு வழியை அறிஞர் வகுத்துள்ளனர். மாஸ்டரின் மகள் சொன்ன பின்னக் கணக்கே அது. ஒரு கட்டுரை பெற்ற மேற்கோளை, அதே துறையில் அதே ஆண்டில் வெளிவந்த கட்டுரைகள் சராசரியாகப் பெற்ற மேற்கோளாற் பிரிக்கவேண்டும். உதாரணத்துக்காக, ஒரு வைத்தியக் கட்டுரை 60 மேற்கோள் பெற்றது, அத்துறையின் சராசரி 30 என்று கொள்வோம். ஈவு 2. ஒரு கணிதக் கட்டுரை 12 மேற்கோள் பெற்றது, சராசரி 4 என்று கொள்வோம். ஈவு 3. முதற் பார்வையில் ஐந்து மடங்கு பின்தங்கியிருந்த கட்டுரை, பகுதி சமனானதும் முன்னே வந்துவிட்டது! 2008இல் றடிக்கி, போர்துனாத்தோ, கஸ்தெல்லானோ என்னும் மூவர், இவ்வாறு பிரித்துப் பார்த்தால், வெவ்வேறு துறைகளில் மேற்கோள்கள் பரந்திருக்கும் பாங்கு ஏறக்குறைய ஒரே வடிவத்துக்கு வருகின்றது என்று காட்டினர். ஒரு கட்டுரை தன் துறையில் மேலேயுள்ள நூற்றுக்குப் பத்துப் பங்கினுள் நிற்கின்றதா என்று பார்ப்பது இன்னொரு முறை. ஒரு சில பெருங்கட்டுரைகள் சராசரியைத் தூக்கிவிடும் தீங்கு இதில் குறைவு.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. துறை என்பதற்கு எல்லை போடுவது யார்? கணிதம் என்ற ஒரே கூரையின் கீழ், புள்ளிவிபரவியலும் இருக்கின்றது; எண் கோட்பாடும் இருக்கின்றது. முன்னதைப் பல துறையினர் எடுத்தாள்வர். பின்னதைச் சிலரே தொடுவர். இரண்டையும் ஒரே சராசரியாற் பிரித்தால், வீட்டு வாசலில் ஓட்டிய அநீதி பின்கதவால் உள்ளே வந்துவிடும். இரு துறைகளுக்கு நடுவே உழைப்பவரின் நிலை இன்னும் சங்கடமானது.

இவற்றையெல்லாம் உணர்ந்தே 2012இல் சான் பிரான்சிஸ்கோ நகரிலே கூடிய அறிஞர்கள், சஞ்சிகையின் தாக்கக் காரணியைக் கொண்டு தனி ஆராய்ச்சியாளரை மதிக்கலாகாது என்று ஒரு பிரகடனம் வரைந்தனர். 2015இல் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளிவந்த லைடன் அறிக்கை பத்து நெறிகளை வகுத்தது. எண், அறிந்தோரின் தீர்ப்புக்குத் துணையாக இருக்கவேண்டுமேயன்றி அதன் ஆசனத்தில் அமரக்கூடாது என்பது ஒன்று. துறைக்குத் துறை வழக்கம் வேறுபடுவதைக் கணக்கிற் கொள்ளவேண்டும் என்பது மற்றொன்று. உள்ளூருக்குப் பயன்படும் சிறந்த ஆராய்ச்சியைப் பேணவேண்டும் என்பது இன்னொன்று. எச் சுட்டெண்ணைப் பெற்றெடுத்த ஹிர்ஷும், தமது குழந்தை வேண்டாத தீங்குகளையும் விளைவிக்கக்கூடும் என்று 2020இல் எழுதினார்.

நம் முன்னோர் நெல்லைப் புசலால் அளந்தனர். அரிசியைக் கொத்தால் அளந்தனர். காணியைப் பரப்பால் அளந்தனர். பொன்னைப் பவுணால் நிறுத்தனர். இருபது பரப்புக் காணியுடையவன், பத்துப் பவுண் நகையுடையவளைவிடச் செல்வந்தன் என்று எண்களை மட்டும் வைத்து எவரும் வாதாடியதில்லை. கல்வி பெருகிய இக்காலத்தில் நாம் அந்த விவேகத்தைக் கைவிடலாமா?

இக்கட்டுரையை அச்சுக்குக் கொடுக்குமுன் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டினோம். பின்னக் கணக்கு வந்த இடத்தில் அவர் தலையை அசைத்துக்கொண்டார். பேச்சொன்றும் எழவில்லை. சிறிது நேரம் சென்று, “பிள்ளை, உன்னுடைய கட்டுரை ஒன்றைக் கொண்டு வா. எனக்கு விளங்குமட்டும் சொல்லு” என்று உள்ளே நோக்கிக் குரல் கொடுத்தார். பத்தாண்டுகளாக அவள் கணிதம் ஆராய்கின்றாள். தந்தை இவ்வாறு கேட்டது அன்றுதான் முதல் தடவை என்று பின்னர் அறிந்தோம்.

விண்ணப்பத்தின் முடிவு இன்னும் தெரியவில்லை. தனது எண்ணின் பக்கத்திலே, தன் துறையின் வழக்கம் இன்னது என்று விளக்கும் ஒரு தாளை அவள் இணைத்திருக்கின்றாள். குழுவிலுள்ள பெரியோர் அத்தாளைப் படிக்கவேண்டும். கூடுமாயின் அவளுடைய கட்டுரைகளுள் ஒன்றையேனும், அத்துறை அறிந்தவரிடம் கொடுத்துக் கேட்கவேண்டும் என்பதே நம் விருப்பம். பெற்றோருக்கும் நாம் சொல்வது இதுவே. பிள்ளையின் எண் என்ன என்று கேட்குமுன், பிள்ளை என்ன கண்டுபிடித்தது என்று கேளுங்கள். முழுவதும் விளங்காமற் போகலாம். ஆனாலும், கேட்பதற்கு வீட்டில் ஒருவர் இருக்கின்றார் என்பது பிள்ளைக்கு விளங்கும்.